நம்பிக்கை யார் கணக்கில்?

ஹட்டன் பிரதான வீதியில் கிறிஸ்தவர்கள் நடத்தும் கடைகளுக்குள் போய்க் காசு மேசைக்கு மேலே பார்த்தால், சுவரில் ஒரு வசன அட்டை தொங்குவதைக் காணலாம். டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்து வந்த வாக்குத்தத்த வசனம் அது. ஜனவரி முதலாம் திகதி கடை திறக்கும்போது பழைய அட்டை கழன்று புதியது ஏறும். அந்த ஆண்டின் வியாபாரத்தைப் பற்றி ஆண்டவர் தனக்குத் தனியாகச் சொன்ன வார்த்தையாகவே முதலாளி அதை எடுத்துக்கொள்வார். அந்த அட்டைகளில் அதிகம் காணப்படுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நல்ல எதிர்காலம் உண்டு என்று உறுதி கூறும் வசனம். ஹார்ட்வெயார் கடையிலும் பேக்கரியிலும் டியூஷன் வகுப்பு வாசலிலும் லொறியின் முன்கண்ணாடியிலும் அதைப் பார்க்கலாம்.

அதற்கு முந்திய வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அதில் எழுபது வருடம் என்று இருக்கிறது.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. எழுபது ஆண்டுகள் கழித்தே மீட்சி என்று சொன்னால், கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் சொந்த ஊர் திரும்பப் போவதில்லை என்றுதான் பொருள். அவர்களுக்கு அவர் சொல்லும் வேலைகளும் மிகச் சாதாரணமானவை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனுக்காக மன்றாடுங்கள். இதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் கூட்டத்தின் முன் அறிவிக்கிறான். எரேமியா உடனே அவனை மறுக்கவில்லை. அப்படியே ஆகட்டும் என்று ஆமென் சொல்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை. பிறகுதான் மக்களைப் பொய்யை நம்ப வைக்கிறாய் என்று அவனைக் கண்டிக்கிறார்.

கிறிஸ்தவர் ஒருவர் தொழில் நடத்தும்போது அவருடைய நம்பிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று மலையகத்தில் யோசிக்கிற எவருக்கும் இந்த இரண்டு அதிகாரங்களைத் தாண்டி வேறு பாடநூல் தேவையில்லை என்பது என் எண்ணம். தலைவனுக்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை இல்லாதவன் மலைச் சரிவில் தேயிலைக் கன்று நட மாட்டான், வங்கிக் கடன் எடுத்துக் கடை போட மாட்டான். ஆனால் அந்த நம்பிக்கையை அவன் ஒரு திகதியாகவும் தொகையாகவும் மாற்றி மற்றவர்கள் முன் வைக்கும்போது அது அவர்களுடைய எதிர்பார்ப்பு ஆகிவிடுகிறது. அது நிறைவேறாமல் போனால் நட்டம் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது? இந்தக் கேள்விக்கு ஹட்டன் பள்ளத்தாக்கிடம் நூற்றைம்பது ஆண்டுக் கணக்குக் கொப்பி இருக்கிறது.

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் வழியில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது வார்லி தேவாலயம். கருங்கல் சுவர், நிறக் கண்ணாடி ஜன்னல்கள், சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் அந்தக் கோயில் 1878இல் எழுந்தது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அப்போது டிக்கோயாவில் பயிரானது கோப்பி. கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு படிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

1869இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ட அந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஓர் அங்கிலிக்கன் குரு என்பது வரலாற்றில் ஒரு விசித்திரம். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவேட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த வண. மைல்ஸ் ஜோசப் பெர்க்லி, கிராமப் பங்கு ஒன்றை நடத்திக்கொண்டே பூஞ்சண இயலில் அந்நாட்டின் முதன்மை அறிஞராக இருந்தவர். ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று அவர் வைத்த பெயரிலேயே அழிவு இருந்தது. தோட்டக்காரர்கள் பயப்படவில்லை. பயப்படாததற்கு ஒரு காரணமும் இருந்தது. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சல் பாதிக்கும் கீழே விழுந்தபோதும் கையில் வந்த பணம் குறையவில்லை. நோய் ஒரு பருவத்தில் போய்விடும், அடுத்த மழையில் செடி தேறிவிடும் என்று சொல்லிக்கொண்டே புதுக் காடுகளை வெட்டினார்கள். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா மலைகள் பெருமளவில் திறக்கப்பட்டது அந்தப் பத்தாண்டில்தான். இன்று நாம் வாழும் ஊர்களின் பெரும்பகுதி ஒரு தவறான விலைக் கணிப்பின் மேல் எழுந்தது.

1878 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தில் சிட்டி ஒஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது. கடன் இறுகியது. பிரேசில் கோப்பி சந்தையை நிறைத்தது, விலை சரிந்தது. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை அரசாங்கம் வரவழைத்தது. இரண்டு ஆண்டுகள் மலைகளில் அலைந்து ஆராய்ந்த அவர், காற்றில் பரவும் இந்தப் பூஞ்சணத்தை ஒரே பயிர் நெருக்கமாக நிற்கும் தோட்டங்களிலிருந்து விரட்ட வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்டது முழு உண்மை. அதற்காகத் தோட்டக்காரர்கள் அவரைப் பாராட்டவில்லை. 1884இல் தோட்டங்களுக்கு அதிகம் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே வங்குரோத்தானது. அதே 1884இல்தான் புகையிரதம் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. கோப்பி மூட்டை ஏற்றுவதற்காகத் திட்டமிட்ட பாதை, ஏற்றுவதற்குக் கோப்பி அருகிப்போன ஆண்டில் திறந்தது.

அந்த ஆண்டில் ஒருவர் செய்த காரியத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஓரியண்டல் வங்கியின் தாள்கள் அன்று இலங்கையில் பணமாகப் புழங்கின. வங்கி மூடிய செய்தி பரவியதும் அந்தத் தாள்கள் வெறும் காகிதமாகியிருக்கும். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிடும், பதற வேண்டாம் என்று ஓர் அறிக்கை விட்டு நிறுத்தியிருக்கலாம். கஜானாவைப் பிணை வைத்தார். நம்பிக்கை சொல்பவர் தன் கையிலிருப்பதை மேசையில் வைத்துச் சொன்ன தருணம் அது.

கோப்பிக்காரர்களின் நம்பிக்கைக்கு யார் விலை கொடுத்தார்கள்? துரைமார் பலர் ஓட்டாண்டிகளாகக் கப்பல் ஏறினார்கள், அது உண்மை. அவர்களுக்காக எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளும் இரங்கல்களும் ஏராளம். தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்து அந்தக் கோப்பியைப் பறித்த தமிழர்களுக்குப் பல தோட்டங்களில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. தோட்டம் கைமாறியபோது பாக்கி காற்றில் போனது. கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் காற்றில் போகவில்லை. துண்டு என்று அழைக்கப்பட்ட சீட்டோடு அது ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் கூடவே போனது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஞாயிறு தோறும் வார்லியில் பாடித் துதித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களில் பக்தியுள்ளவர்கள் இருந்தார்கள். 1854இல் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியவர்களே தோட்டக்காரர்கள்தான். ஊழியர்களைத் திருச்சபை மிஷன் சங்கம் கொடுத்தது, செலவுக்குச் சந்தா தோட்டங்கள் கொடுத்தன. லயங்களில் முதல் எழுத்தைக் கற்றுக்கொடுத்த உபதேசிமார் அப்படி வந்தவர்கள், அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் சந்தா கொடுக்கிற துரையிடம் போய்ச் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேச அந்த மிஷனால் முடியாது. பரலோகத்தின் நம்பிக்கையைப் பத்து மணிக் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லலாம். சம்பள நாளைப் பற்றிய எதிர்பார்ப்பைச் சொல்லக் கூடாது. இந்தப் பிளவு நம் சபைகளிலிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை.

கோப்பி செத்த மலைகளில் தேயிலை வந்த கதையில், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டது 19 ஏக்கர். துரு வருவதற்கு இரண்டு வருடம் முன்னே. கோப்பி பொன்னாகக் கொழித்த காலத்தில், ஒரு மூலையில், தவறினாலும் தோட்டம் மூழ்காத அளவில் ஒரு முயற்சி. வராந்தாவில் கையால் இலை உருட்டிப் பழகினார். 1873இல் லண்டனுக்குப் போன சிப்பம் 23 றாத்தல். இருபது ஆண்டுகளுக்குள் நாட்டில் தேயிலை மூன்று இலட்சம் ஏக்கரை நெருங்கியது. அந்தப் பத்தொன்பது ஏக்கரும் 23 றாத்தலும் இல்லாமல் அது நடந்திருக்காது. தொழிலில் இருப்பவர்களுக்கு மலையகம் தரும் மிகச் சிறந்த உதாரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: பெரிய நம்பிக்கை, சின்னப் பந்தயம், பந்தயம் சொந்தக் கையில்.

இன்னும் நீண்ட காத்திருப்புக்கு நம் காலத்திலேயே ஓர் ஆள் இருந்தார். நீர்கொழும்புக்குப் பக்கத்தில் பல்லன்சேனையில் 1930இல் பிறந்த மெரில் ஜே. பெர்னாண்டோ, கத்தோலிக்கர். காரமான கறி சாப்பிடும் உள்ளூர்க்காரனின் நாக்குத் தேயிலை சுவைக்க உதவாது என்று ஆங்கிலக் கம்பனிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தேயிலைச் சுவைஞராகப் பயிற்சி பெற்ற முதல் சில இலங்கையர்களில் ஒருவர். 1950களில் லண்டன் மின்சிங் லேனில் பயிற்சிக்குப் போனபோது, நம் மலைகளில் பறித்த தேயிலை அங்கே வேறு நாட்டுத் தேயிலையோடு கலந்து, வேறொருவர் பெயரில் பெட்டிக்குள் போவதைக் கண்டார். கொழுந்து பறித்த நாட்டுக்கு மூலப்பொருளின் விலை, பெயர் எழுதிய நாட்டுக்கு இலாபம். தேயிலை விளையும் நாட்டிலேயே பொதி செய்து, சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே அவருக்குள் விழுந்தது.

அந்த எண்ணம் டில்மா என்ற பெயரோடு அவுஸ்திரேலியாவின் சுப்பர் மார்க்கெட் அலுமாரியில் ஏற 1980கள் ஆயின. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடையில் நடந்தவற்றைப் பாருங்கள்: 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின, 1983 கலவரத்தில் நாடு எரிந்தது, உலகத் தேயிலை வியாபாரம் விரல்விட்டு எண்ணக்கூடிய பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குள் சுருங்கியது. அந்த முப்பது ஆண்டும் அவர் மற்றவர்களைப் போலவே மொத்தத் தேயிலை ஏற்றுமதி செய்து பிழைத்தார். அடுத்த வருடம் வெல்வோம் என்று ஊழியர்களிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தால் அவரிடம் யார் நின்றிருப்பார்கள்? கனவை மனதில் வைத்து, மாதச் சம்பளத்தை மொத்த வியாபாரத்திலிருந்து கொடுத்தார். எழுபது வருடக் கடிதம் சொன்ன வாழ்க்கை இதுதான். வீடு கட்டு, தோட்டம் போடு, இருக்கிற பட்டணத்தில் ஒழுங்காய்த் தொழில் செய்.

தொழில் என்பது மனித சேவை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தன் செல்வம் தன் ஊழியர்களும் பிறரும் உழைத்துத் தந்தது, அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்றும் சொன்னார். தன் பெயரில் அமைத்த அறநிலையத்துக்குக் கம்பனி இலாபத்தில் ஒரு பங்கு ஒழுங்காகப் போகும்படி செய்தார். 2019இல் ஒஸ்லோவின் 'சமாதானத்துக்கான வணிகம்' விருது அவருக்குக் கிடைத்தது. 2023 ஜூலையில் 93 வயதில் காலமானார். அவருடைய குடும்பத்தின் முயற்சியால்தான் 2005 முதல் ஹட்டன்–பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் பழைய துரை பங்களாக்கள் உலகப் பயணிகள் வந்து தங்கும் விடுதிகளாயின.

அந்த பங்களாக்களின் புல்வெளியில் நின்றால் எதிர்மலையில் லயம் தெரியும். மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன், ஆனால் எழுதாமல் விட முடியாது. பெயரும் இலாபமும் நாட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்ற மெரில் பெர்னாண்டோவின் நம்பிக்கை பெருமளவு நிறைவேறியது. திரும்பி வந்ததில் கொழுந்து பறித்தவளுக்கு எவ்வளவு என்ற கேள்வி தனி ஒரு கம்பனியைப் பார்த்துக் கேட்பதல்ல, முழுத் தேயிலைத் தொழிலையும் பார்த்துக் கேட்பது. தருமத்துக்குக் கொடுத்த பங்கால் மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. தருமம் முதலாளியின் மனதைப் பொறுத்தது. சம்பளம் வேலை செய்தவரின் உரிமை.

சம்பளத்தைப் பற்றி எதிர்பார்ப்பு வளர்த்து உடைத்த கதை மலையகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இல் மேடை ஏறியது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் வந்தது 730. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700. பின்பு, 2020 மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஆயிரம் என்று ஜனாதிபதியின் அறிவிப்பு வந்தது. திகதி போட்ட வாக்குறுதி! அந்த மார்ச் வந்தது, போனது. இன்னொரு மார்ச் வந்தபோதுதான், 2021இல், சம்பள நிர்ணய சபையின் வழியே வர்த்தமானியில் ஆயிரம் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போட எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள், எடை குறைந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். 2024 மே தினத்தன்று, ஹட்டனுக்கு அடுத்த கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்ற அறிவிப்பு முழங்கியது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது, செப்டெம்பரில் நிலைபெற்றது 1,350. 2026 ஜனவரி முதல் 1,550 என்றும் அதன்மேல் வருகைக்கு அரசாங்கம் 200 ரூபா கொடுக்கும் என்றும் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

பத்தாண்டாக அனனியாக்கள் மாறி மாறி வந்து இரண்டு வருடம், இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரசியல் மேடையில் நடந்ததைத் தொழில் தலைவர்கள் மேல் ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கலாம். சுமத்த வேண்டியது இதற்காக: கம்பனிகள் இவ்வளவு காலமும், எங்களால் இவ்வளவுதான் முடியும், இந்தக் கணக்குப்படி, இந்த ஆண்டில் இவ்வளவு, அதற்கடுத்த ஆண்டில் இவ்வளவு என்று தொழிலாளி முன் கொப்பியைத் திறந்து வைத்ததே இல்லை. உண்மையான எதிர்பார்ப்பைக் கொடுக்க வேண்டியவர்கள் மௌனமாக இருந்த இடத்தில்தான் பொய்யான எதிர்பார்ப்பு குடியேறியது.

மேலிருப்பவரின் நம்பிக்கைக்குக் கீழிருப்பவர் விலை கொடுத்த இன்னொரு கதை மிக அண்மையது. 2021 ஏப்ரலில் நாடு ஒரே பாய்ச்சலில் சேதன விவசாயத்துக்கு மாறும் என்று அறிவித்து இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நல்ல நோக்கம், உற்சாகமான பேச்சு, ஒத்திகையே இல்லாத நாடகம். டெய்லரின் பத்தொன்பது ஏக்கர் இங்கே இருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. நாட்டின் தேயிலையில் முக்கால்வாசிக்கு அருகே தருபவர்கள் சிறு தோட்ட உரிமையாளர்கள். உரம் இல்லாத மலையில் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாத நாளில் பேர் இல்லை.

கிறிஸ்தவத் தொழில் முனைவோர் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர் கேட்பரி குடும்பம். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். 1879இல் பர்மிங்ஹாமுக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலையையும் பின்னர் தொழிலாளருக்கென்று தோட்ட வீடுகளையும் கட்டியவர்கள். எங்கள் லயங்களைப் பார்த்த கண்ணுக்குப் போர்ன்வில் ஒரு சொர்க்கம். 1901இல் வில்லியம் கேட்பரியின் கண்ணில், போர்த்துக்கேயர் ஆண்ட சாவோ தொமே தீவில் கொக்கோத் தோட்டம் விற்பனைக்கு என்ற அறிவித்தல் பட்டது. சொத்துப் பட்டியலில் தொழிலாளரும் தலைக்கு இத்தனை என்று விலை போட்டு எழுதப்பட்டிருந்தார்கள். அடிமை முறை பெயர் மாறி அங்கே நடந்துகொண்டிருந்தது. கேட்பரிகள் அதிர்ந்தார்கள். விசாரித்தார்கள். போர்த்துக்கேய அரசு சீர்திருத்தம் கொண்டுவருவதாகச் சொன்னதை நம்பினார்கள். ஓர் ஆளை அனுப்பி அறிக்கை வாங்கினார்கள். வாங்குவதை நிறுத்தியது 1909இல். எட்டு வருடம் அந்தக் கொக்கோ போர்ன்வில்லுக்குள் வந்துகொண்டே இருந்தது. இதை எழுதிய ஒரு பத்திரிகை மேல் அவர்கள் மானநட்ட வழக்குப் போட்டு வென்றார்கள். ஜூரி கொடுத்த நட்டஈடு ஒரு பார்திங், அதாவது பென்னியில் கால்வாசி.

நல்லவர்களின் நம்பிக்கையில் இருக்கும் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நிலைமை திருந்தும் என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களுக்கு எட்டு வருட அவகாசம் கொடுத்தது. சாவோ தொமேயில் இருந்தவனுக்கு எட்டு வருடம் எடுத்தது. கொழும்பிலும் கண்டியிலும் நல்ல மனதோடு நிறுவனம் நடத்தும் கிறிஸ்தவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். உங்கள் சொந்த அலுவலகம் போர்ன்வில்லாக இருக்கலாம். உங்களுக்குப் பொருள் வரும் இடம் எது?

இனி நம் ஊருக்கு வருவோம். ஹட்டனில் இன்று கடையோ வாகனமோ வகுப்போ நடத்தும் கிறிஸ்தவர்களில் பலர் லயத்திலிருந்து வந்த முதல் தலைமுறை, அல்லது இரண்டாம் தலைமுறை. 1892இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய ஹைலன்ட்ஸ் கல்லூரியிலும் மற்ற மிஷன் பாடசாலைகளிலும் படித்து மேலே வந்தவர்கள். அப்பா கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்தெடுத்தவர். இவர்களுடைய நம்பிக்கையைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தக் கணக்கு முடியும் வரை ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்த சமூகத்தின் பிள்ளைகள் இவர்கள். காத்திருப்பதைப் பற்றி இவர்களுக்கு யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது சபையில் நாம் வளர்க்கும் சாட்சிப் பழக்கம். கடை பெருகியது, வாகனம் வந்தது, வீடு எழும்பியது என்று முன்னே வந்து சொல்கிறவருக்கு மைக் கிடைக்கிறது. கடை நட்டத்தில் போகிறது, ஆனாலும் வேலையாட்களின் சம்பளத்தை இந்த மாதமும் முழுதாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் எழுந்து சொல்ல நம் ஆராதனையில் இடமில்லை. அப்படியானால் நட்டப்படுபவர் என்ன செய்வார்? ஆண்டவர் வழி திறப்பார் என்று சொல்லிக்கொண்டு கணக்கைப் பாராமல் இருப்பார். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதத்தைப் பிறகு கட்டலாம் என்று தள்ளிவைப்பார். வேலையாளின் சம்பளத்திலிருந்து கழித்த 8 சதவீதமும் சேர்ந்து நிற்கும். சீசன் வரட்டும், கொடுத்துவிடுகிறேன் என்பார். மனதில் வஞ்சகம் இல்லை, நம்பிக்கைதான். ஆனால் அந்த நம்பிக்கைக்கு முதல் போட்டது கவுண்டரில் நிற்கும் பெண், அவளைக் கேட்காமலேயே.

வாக்குத்தத்த அட்டையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதே மேசையில் இன்னொரு தாளும் வேண்டும் என்கிறேன். இந்த ஆண்டு வியாபாரம் இவ்வளவு குறைந்தாலும் இத்தனை மாதச் சம்பளம் கையில் உண்டு, அதற்கும் கீழே போனால் முதலில் என் வீட்டுச் செலவு குறையும், அதன்பின்தான் ஆட்குறைப்பு, அதையும் மூன்று மாதம் முன்னே சொல்வேன் என்று எழுதி, வேலையாட்களுக்கு வாசித்துக் காட்டிய தாள். ஜனவரி முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடத்தும் மெதடிஸ்த சபைகள் ஹட்டனில் உண்டு. தேவனோடு உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் அதே வாரத்தில் வேலையாளோடு ஓர் உடன்படிக்கை எழுதினால் தேவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திராட்சத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த எஜமானின் உவமையை மலையகத்தில் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன். கிருபையைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த எஜமான் விடியற்காலையில் ஒரு நாளுக்கு ஒரு பணம் என்று வாய்விட்டுப் பேசி முடித்தவர். சாயங்காலமே கொடுத்துத் தீர்த்தவர். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தவனுக்கும் முழுப் பேர் போட்டவர், அரைப்பேர் போடவில்லை. விளைச்சல் எப்படி வரும், விலை எப்படிப் போகும் என்ற கவலை முழுவதும் அவருடையது. கூலியாளின் தலையில் அதில் ஒரு துளியையும் அவர் ஏற்றவில்லை.

ஆபத்தைப் பங்கு போட நினைத்தால் அதற்கும் நேரிய வழி உண்டு. அண்மைக் காலத்தில் சில பெருந்தோட்டக் கம்பனிகள், நாட்சம்பளத்துக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் பராமரித்துப் பறித்துத் தரும் கொழுந்தை விலைக்கு எடுக்கும் முறையைப் பரப்பி வருகின்றன. தொழிலாளி தொழில் முனைவோராகிறார் என்று அதைப் புகழ்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம், இளைஞர்களை மலையில் நிறுத்த வேறு வழியும் குறைவு. ஆனால் விலை விழுந்தால், மழை பொய்த்தால், மண்சரிந்தால் நட்டம் அந்தக் குடும்பத்துக்கு. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைகளை எப்படி அறுத்துப் போட்டது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நட்டம் அவர்களுக்கு என்றால் நிலம் யாருக்கு?

எரேமியா சிறைக்காவலில் இருந்தபோது, பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி நின்றபோது, தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். எதிரி ஏற்கனவே மிதித்துக்கொண்டிருந்த நிலம். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரம் எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, முத்திரை போட்டதையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் நெடுநாள் கெடாமல் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுத்தார். மீண்டும் இந்த நாட்டில் வீடும் வயலும் திராட்சத் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அவர் சொன்ன சாட்சி அந்தப் பத்திரம். பணம் அவருடையது.

செடியைப் பிரித்துக் கொடுக்கும் கம்பனிகளின் இயக்குநர் சபைகளில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மலையகத்தின் எதிர்காலத்தில் நம்பிக்கை வைத்திருப்பதாக ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அவர்கள் எழுதுகிறார்கள். செடிக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கும், லயத்துக்குப் பதிலாகக் கட்டும் வீட்டுக்கும், இத்தனை ஆண்டுக்கு என்று காலம் குறித்து, தொழிலாளியின் பெயரில், அவருக்குப் புரியும் தமிழில் எழுதிய பத்திரத்தை அவர்கள் எப்போது கையெழுத்திடுவார்கள்?